உலகைத் துறந்தவளுக்கு மட்டும்தான் அழகைத் துறக்க அனுமதியா?

பெண்ணழகு என்று ஊர் வகுத்து வைத்திருக்கும் கட்டளையை, ஒரு பெண் தன் உடம்பையே கருவியாக வைத்துப் பொதுவில் கேள்வி கேட்டால் அது கலையாகாது. மட்டக்களப்பில் இப்படிச் சொல்ல ஆள் தேடி அலையத் தேவையில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் சொல்வார், பாடசாலை அதிபர் சொல்வார், முற்போக்கு இலக்கியம் கரைத்துக் குடித்த நண்பரும் சொல்வார். வேறெந்த விடயத்திலும் ஒத்துப்போகாத மூவரும் இதில் மட்டும் ஒரே குரல்.

அந்தக் குரலின் நியாயத்தை அதன் பலம் குறையாமல் முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆற்றுகைக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது: மத்தளம், தாளம், ஆட்டம், பாட்டு, வட்டக் களரி. ஒரு பெண் பேசாமல் நின்று தலைமயிரை வெட்டிக்கொள்வதும் முகத்தில் சேறு பூசிக்கொள்வதும் அதற்குள் வராது. அது ஐரோப்பியக் கலைக்கூடங்களில் பிறந்த சரக்கு. பெண்ணுடலைப் பண்டமாகப் பார்ப்பதைக் கண்டிக்கிறேன் என்று அதே உடலைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால், பார்க்கிறவன் திருந்தமாட்டான். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பான். அழகு அவரவர் ரசனை, ரசனையை எதிர்த்துப் போராட்டம் நடத்துவது நகைப்புக்குரியது. யுத்தம் ஆண்களைக் கொண்டுபோன வீடுகளும், சுனாமி அள்ளிக்கொண்டுபோன கரையும் உள்ள மாவட்டத்தில் நிறமும் இடுப்பும் ஒரு பிரச்சினையா? கடைசியாக, இதற்குப் பயிற்சி வேண்டாம், யாரும் செய்யலாம். யாரும் செய்யக்கூடியது கலையல்ல.

இவற்றில் ஒன்றுகூட அசட்டு வாதமில்லை. கடைசி வாதத்தில் பாதி உண்மையே இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். மற்றவை நிற்கமாட்டா.

1. "இது எங்களுடையதல்ல."

அப்படியானால் காரைக்கால் அம்மையார் யாருடையவர்? புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண். மாம்பழ அதிசயத்தைக் கண்டு பயந்த கணவன் வேற்றூர் போய் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். பின்னொரு நாள் மனைவி பிள்ளையோடு வந்து இவர் காலில் விழுந்தான். அந்த இடத்திலேயே அவர், இவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதை இனி எனக்கெதற்கு என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினார் என்பது சேக்கிழார் சொல்லும் கதை. அம்மையாரே தன் பதிகத்தில் வற்றிய முலையும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேயை மூடிமறைக்காமல் வர்ணிக்கிறார். சோழர் காலத்துச் சிற்பிகளும் மூடிமறைக்கவில்லை. விலா எலும்பு எண்ணும்படி வார்த்த அந்த வெண்கலப் பெண் கையில் தாளத்தை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். அறுபத்து மூவரில் ஒருவராக அவருக்குப் பூசை நடக்கிறது. தன் உடம்பை உருமாற்றி, அதைத் தன் பாட்டாலேயே பதிவுசெய்து, பெண்ணழகை மறுத்த கலைஞர் என்று சொன்னால் அவருக்கு முதலிடம் கொடுக்காமல் இருக்க முடியாது. காலம் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு. ஐரோப்பாவில் அப்போது கலைக்கூடமே கிடையாது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வைகாசியில் செட்டிபாளையத்திலோ தம்பிலுவிலிலோ காரைதீவிலோ கண்ணகி கோயில் கதவு திறந்தால் நாங்கள் கேட்பது என்ன? வழக்குரை. விரிந்த கூந்தலும் புழுதி படிந்த உடம்புமாக அரசவைக்குள் நுழைந்து, பிறகு தன் மார்பைத் தானே திருகி எறிந்த ஒருத்தியின் வழக்கு. கலியாணக் கோலத்தில் அவளை வர்ணித்த காவியம் இங்கே அந்த அழகைச் சல்லி சல்லியாக உடைத்துப் போடுகிறது. வருடந்தோறும் அதைப் பக்தியோடு கேட்டுவிட்டு, வாசலைத் தாண்டியதும் பெண்ணுடலை வாதமாக்குவது வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறோம்.

இதற்கு வரும் மறுமொழியும் எனக்குத் தெரியும். அம்மையார் பக்தை, கண்ணகி தெய்வம், அவர்களை இதோடு சேர்க்காதே. சேர்க்கவில்லை. நோக்கம் வேறு, காலம் வேறு, பயன் வேறு. நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு பெண் தன் உடம்பைக் கொண்டே அழகை மறுக்கலாம், அந்த மறுப்பு சிலையாகவும் பாட்டாகவும் நிலைக்கலாம் என்று நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்றா இல்லையா? ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறீர்கள், அதை வெளியே சொல்வதில்லை. அம்மையார் பேயாகிக் கயிலைக்குப் போனார். கண்ணகி வானுலகம் போனாள். நாங்கள் குளிர்த்தி பாடி அவள் கோபத்தையும் ஆற்றிவிடுகிறோம். இளமையை வெறுத்த ஔவை கிழவியாகி ஊர் ஊராக நடந்தாள் என்று கதை. அழகிலிருந்து வெளியேற விரும்பிய பெண்ணுக்கு எங்கள் மரபு வாசல் திறந்துதான் வைத்திருக்கிறது, ஆனால் அது உலகத்தை விட்டே வெளியேறும் வாசல். கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வந்து, மாலையில் ஆற்றுகை செய்து, வீட்டுக்குப் போய் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, மறுநாள் வேலைக்குப் போக நினைக்கும் ஒருத்திக்கு அந்த வாசல் கிடையாது. உங்களுக்கு நெருடுவது வடிவம் அந்நியமானது என்பதால் என்று நான் நம்பவில்லை. இவள் எங்கும் போகமாட்டாள், நாளைக்கும் இங்கேதான் இருப்பாள் என்பது நெருடுகிறது.

(1998இல் இன்குலாப் எழுதி அ. மங்கை நெறிப்படுத்திய 'ஔவை' நாடகம் செய்ததும் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான். கே.பி. சுந்தராம்பாளின் திரைப்பட மூதாட்டியை விலக்கிவிட்டு, அதியமானோடு சமமாக உட்கார்ந்து கள்ளருந்திய இளம் பாடினியை மேடைக்குக் கொண்டுவந்தது. இளமையோடு இருந்துகொண்டே அறிவாக இருக்க ஔவைக்கு இவ்வளவு காலம் பிடித்தது!)

2. "பெண்ணுடலைப் பொதுவில் காட்சிக்கு வைப்பது எங்கள் பண்பாட்டில் இல்லை."

பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்குப் போனதே இல்லையா? மண்டபத்துப் பின்னறையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை விடியற்காலையிலிருந்து பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறாள். மேக்கப் போட வந்தவர் அவளுடைய நிறத்தை விட இரண்டு படி வெளுப்பான பவுண்டேசனைத் தட்டித் தட்டிப் பூசுகிறார். அது தாடையோடு நின்றுவிடுகிறது. கழுத்து வேறு நிறம். 'பரவாயில்லை, நகை மறைச்சிடும்' என்கிறார். காது காட்டிக்கொடுக்கிறது, காதுக்கும் பூசுகிறார். பொய்ச்சடை, ஒட்டியாணம், கலியாணப் பெண்ணுக்குரிய சேலை. வீடியோக்காரர் வந்து, 'மகள், கொஞ்சம் கீழ பாருங்க, இப்ப மெல்ல நிமிர்ந்து சிரிங்க' என்று சொல்லிக்கொடுக்கிறார். பிறகு ஊரே பார்க்கிறது, சோறு தின்கிறது, அல்பம் வீடு வீடாகப் போகிறது. இவளுடைய உடம்பில் என்ன நடந்தது என்று ஒலிபெருக்கி வைத்து அறிவித்த பண்பாடுதான் இப்போது கூச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. சாமத்தியச் சடங்கு வேண்டாம் என்பது இங்கே என் வாதமில்லை. பெண்ணுடலைக் காட்சிக்கு வைப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை; அதை அவளே ஏற்பாடு செய்தால்தான் ஆட்சேபம் என்கிறேன்.

கூத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வாதக்காரர்கள் எப்போதும் கூத்தின் பின்னால் போய் ஒளிவதால் அங்கேயே போவோம். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தார்கள். பகலில் வாவியில் வலை போடுகிறவர் இரவில் திரௌபதை. மீசையை மழித்து, முத்துவெள்ளை பூசி, கன்னத்தில் சிவப்புக் கொடுத்து, புருவத்தை வில்லாக வரைந்து, மார்புக்குத் துணி சுற்றி, சேலை கட்டிக் களரிக்குள் வருகிறார். வரவுப் பாட்டு முடியுமுன் முன்வரிசைக் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம், 'அசல் பொம்புளதான்!' என்பாள். அவளை விட நுட்பமான கலை விமர்சகர் யாரும் இல்லை. பெண்ணழகு என்பது பிறவியில் வந்ததல்ல, வர்ணமும் துணியும் நடையும் கொண்டு ஓர் ஆண்பிள்ளையின் உடம்பில்கூட ஏற்றி, விடிந்ததும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிடக்கூடியது என்று எங்கள் ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பெண்ணின் உடம்புக்கு மட்டும்தான் களரிக்குள் இடமில்லாமல் இருந்தது.

அந்த வேடத்தை ஆண் போட்டால் மரபு. அதே வேடம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பெண் ஒருத்தி தன் முகத்தில் காட்டினால், அல்லது எல்லார் முன்னாலும் துடைத்துக் காட்டினால், மரபுக்கேடு. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. கூத்தை நேசித்தவர்களுக்கு அதை மாற்றப் பயமும் இருந்ததில்லை. 2000க்குப் பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் ஊரவர்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில், பழைய பிரதிகள் பெண்களைப் பற்றி என்ன பேசுகின்றன என்பது களரியிலேயே விவாதமானது. கூத்து செத்துவிடவில்லை.

3. "பார்வையை எதிர்க்கப்போய் பார்வைக்கே தீனி போடுகிறாள்."

இந்த வாதம் கொஞ்சம் கனமானது. ஆனால் அது ஒன்றை உண்மையென்று எடுத்துக்கொண்டு பேசுகிறது: அவள் வீட்டுக்குள் இருந்தால் பார்வை பட்டினி கிடக்கும் என்று. மட்டக்களப்புப் பெண்கள் மந்திரம் போட்டு ஆண்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை இளித்துக்கொண்டு சொல்கிறார்களே, எந்த ஆற்றுகையைப் பார்த்து? அந்தப் பார்வைக்கு எங்கள் பெண்கள் ஒன்றுமே போடாமல் எத்தனையோ தலைமுறையாகத் தீனி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உடம்பைக் காட்டுவதும் உடம்பைக் கொண்டு பார்ப்பவனைக் காட்டுவதும் ஒன்றல்ல. ஜப்பானியக் கலைஞர் யோக்கோ ஓனோ 1964இல் கியோத்தோவில் மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலை முன்னால் வைத்து, விரும்பியவர்கள் வந்து தன் உடுப்பை வெட்டிக்கொண்டு போகலாம் என்று விட்டார். சபைக்குப் பார்க்கக் கிடைத்தது அவருடைய தோள் மட்டுமில்லை. கத்தரிக்கோலை எடுக்கும்போது அயலவன் முகம் எப்படி மாறுகிறது என்பதும்தான். எங்கள் தீவிலேயே கலைஞர் அனோலி பெரேரா 2010, 2011இல் செய்த புகைப்பட ஆற்றுகைகளைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்து ஸ்டூடியோக்கள் இலங்கைப் பெண்களை வகை வகையாக உட்காரவைத்துப் படமெடுத்து விற்றன. அதே பாணியில் பெண்கள் வந்து உட்காருகிறார்கள். ஆனால் முகம் முழுவதும் அவிழ்த்துவிட்ட கூந்தல். அழகின் முதல் அடையாளமாகப் புலவர்கள் பாடிய கூந்தலே திரையாகி முகத்தைத் தர மறுக்கிறது. படம் இருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. இதைத் தீனி என்பீர்களா?

இந்தியக் கலைஞர் புஷ்பமாலா 2000க்கும் 2004க்கும் இடையில் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து எடுத்த தென்னிந்தியப் பெண்கள் வரிசையும் இந்த இனந்தான். ரவிவர்மாவின் இலட்சுமியாகத் தானே தாமரையில் நிற்கிறார். இன்னொரு படத்தில் மானிடவியல்காரர் அளவெடுக்கும் கட்டம் போட்ட திரைக்கு முன்னால், அளக்கப்படும் 'மாதிரி'யாகவும் நிற்கிறார். எங்கள் வீட்டுக் கலண்டரில் தொங்கும் அழகுக்கும் வெள்ளைக்காரனின் அளவுநாடாவுக்கும் உறவிருக்கிறது என்பதை நூறு பக்கக் கட்டுரை சொல்வதை விட இரண்டு படங்கள் சொல்லிவிடுகின்றன. அவை சொல்வது, இரண்டிலும் ஒரே பெண்ணின் உடம்பு நிற்பதால். 'ஓவியமாக வரைந்தால் போதாதா, உடம்பு எதற்கு?' என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 1997 மே மாதம் அம்பாறை மத்திய முகாமில் கோணேஸ்வரி என்ற தாய்க்கு ஆயுதம் தாங்கியவர்கள் செய்த கொடுமைக்குப் பிறகு, கலா எழுதிய 'கோணேஸ்வரிகள்' கவிதை வந்தது. பெண்ணுடலின் உறுப்பைப் பெயர் சொல்லி எழுதியதற்காக அந்தக் கவிதை ஆபாசம் என்று எங்கள் இலக்கியவாதிகள் சண்டைக்கு வந்தார்கள். நடந்ததை விட எழுதியது ஆபாசமாகப் பட்டது. அங்கே மேடையில்லை, காட்சியில்லை, காகிதத்தில் மை மட்டும். ஆகவே 'உடம்பைக் கொண்டுவராதே, எழுது' என்று சொல்பவர்களையும் நான் நம்பத் தயாரில்லை. எழுதியபோது என்ன சொன்னீர்கள் என்பது தெரியும்.

மணிப்பூரில் ஹெய்ஸ்னாம் கன்னைலால் 2000இல் 'திரௌபதி' நாடகத்தை மேடையேற்றினார். ஐம்பதைக் கடந்த நாடக நடிகை சாவித்ரி அதில் இராணுவ அதிகாரியின் முன்னால் ஆடை களைந்து நின்றார். காமத்தைத் தூண்டும் உடம்பென்று யாரும் சொல்ல முடியாத, வயதேறிய, உழைத்த உடம்பு. எங்கள் பெண்கள் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று இம்பாலில் எதிர்ப்புக் கிளம்பியது. 2004 ஜூலை 15இல், படையினர் பிடித்துச் சென்ற மனோரமாவின் கொலைக்கு நீதி கேட்டுப் பன்னிரண்டு தாய்மார் கங்லா கோட்டை வாசலில் அதே கோலத்தில் நின்றார்கள். நாடகம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் பெண்கள் செய்யமாட்டார்கள் என்று சொன்ன வாய்கள் என்னவாயின என்பதுதான் என் கேள்வி.

4. "அழகு தனிப்பட்ட ரசனை", "இது வசதியானவர்களின் விளையாட்டு."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. தனிப்பட்ட ரசனை என்றால் அதற்கு விலை இருக்கக்கூடாது. மட்டக்களப்பில் விலை இருக்கிறது: நிறம் குறைந்தால் சீதனம் கூடும். தாய்வழிக் குடி, பெண்ணுக்கே வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார் என்று பெருமையாகச் சொல்கிற ஊர் இது, பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த வீட்டைக் கட்டுவது யார்? குவைத்திலும் சவுதியிலும் அடுத்தவர் வீட்டுக் குளியலறை கழுவுகிற தாய். மகள் கறுப்பென்றால் அவள் இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைக்கிறாள். கடன், வறுமை பற்றிப் பேசுங்கள், அழகைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று நண்பர் கேட்கிறார். தோழர், நான் கடனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கிறீம் கதை தனி. 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது, விளம்பரத்து முகம் மட்டும் ஒரு படியும் கறுக்கவில்லை. அதையாவது விடலாம். பெயர் தெரியாத டப்பாக்களில் வருகிற வெளுக்கும் கிறீம்களில் இரசம் கலப்பது உலகறிந்த விடயம். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசம் உள்ள அழகுப் பொருட்களைச் செய்யவும் ஏற்றுமதி, இறக்குமதி செய்யவும் 2020க்குப் பிறகு மினமாட்டா ஒப்பந்தம் தடைபோட்டது. இரசம் போய்ப் பிடிக்கும் இடம் சிறுநீரகம். தனிப்பட்ட ரசனைக்காக யாரும் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதில்லை.

5. "அவள் தன்னைத்தானே ரசிக்கிறாள்."

அமெரிக்கக் கலைஞர் ஹன்னா வில்க் 1974இல் மென்ற சுவிங்கத்தைச் சிறு சிறு மடிப்புகளாக்கித் தன் மேலில் தழும்புகள் போல ஒட்டி, விளம்பர அழகிகளின் பாவனையில் நின்று படமெடுத்தார். இவள் அழகி, தற்பெருமைக்காரி, அழகை எதிர்க்க இவளுக்கு என்ன தகுதி என்றார்கள், பெண்ணியவாதிகள் சிலரும் சேர்ந்து. பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. முடி கொட்டிய, வீங்கிய, கட்டுப்போட்ட அதே உடம்பை அதே பாவனைகளில் நிறுத்தி 1992, 1993இல் படமெடுத்தார். 1993இலேயே இறந்துபோனார். தற்பெருமை என்றவர்களிடம் அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

இங்கேயும் அதே பொறிதான். அழகானவள் செய்தால் காட்டித் திரிகிறாள். அழகில்லாதவள் செய்தால் பொறாமை, மாப்பிள்ளை கிடைக்காத ஆத்திரம். எந்த உடம்போடு வந்தால் அவளுக்குப் பேச உரிமை உண்டு என்று வண்ணக்கரும் அதிபரும் நண்பரும் ஒருமுறை கூடிப் பேசி அறிவித்துவிட்டால் நல்லது.

6. "பயிற்சி வேண்டாத கலை."

பாதி உண்மை என்றேனே, அது இதுதான். உடம்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் மட்டும் ஆற்றுகை ஆகிவிடாது. பதினைந்து நிமிடம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு எதிர்ப்பென்று அறிக்கை விடுவது சோம்பல். பெயர்பெற்ற எல்லாமும் எனக்கு உவப்பானவையும் அல்ல. பிரான்சின் கலைஞர் ஓர்லான் 1990க்கும் 1993க்கும் இடையில் ஒன்பது சத்திரசிகிச்சைகள் செய்துகொண்டு, மோனா லிசாவின் நெற்றி, போத்திச்செல்லி வரைந்த வீனஸின் நாடி என்று ஆண் ஓவியர்களின் அழகுகளைத் தன் முகத்தில் ஏற்றினார். மரத்துப்போகும் ஊசியோடு விழித்திருந்து புத்தகம் வாசித்தார். கடைசியில் கன்னத்துக்கு வைக்கும் பொருளை நெற்றிப் பொட்டுகளில் வைத்துப் புடைக்கச் செய்தார். துணிச்சலில் குறையில்லை. ஆனால் அழகுச் சிகிச்சை வியாபாரத்தைக் கேலி செய்யப்போனவர் அதே கத்திக்கும் அதே பணத்துக்கும் கட்டுப்பட்டுப் போனார் என்றே எனக்குப் படுகிறது. அதே கேள்வியை ஆற்றுகைக் கலைஞர் மரினா அப்ரமோவிச் 1975இல் ஓர் உலோகத் தூரிகையும் சீப்பும் கொண்டு முடித்துவிட்டார்: கலையும் கலைஞரும் அழகாக இருக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, முடி பிய்ந்து தலை நோகும்வரை வாரினார். மகளுக்குச் சடை பின்னும்போது எங்கள் அம்மாமார் செய்வதும் இதுதானே. செலவு ஒரு தூரிகை, ஒரு சீப்பு.

இது நல்லது, அது சறுக்கல் என்று இப்படி நிறுத்துப் பார்ப்பதற்குப் பெயர் விமர்சனம். கலையே இல்லை என்று வாசலில் மறிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. சுமாரான கூத்தும் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அடவு தப்பிய அருச்சுனனை விடியும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அண்ணாவியாரைத் திட்டினோம், கூத்துக் கலையல்ல என்று தீர்ப்புச் சொல்லவில்லை. பயிற்சி போதாது என்பவர்கள் பயிற்சிக்கு இடம் கொடுக்கலாம். கல்லடியில் அழகியலுக்கென்றே ஒரு நிறுவகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் கலாசார மண்டபம் இருக்கிறது. பரதத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் தருகிற அதே வாடகைக்கு இந்தப் பெண்களுக்கும் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஆற்றுகை தேறவில்லை என்றால் அடுத்த மாதம் நானே எழுதுகிறேன்.